கொலுசு கறுக்கும் வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் குழாயடிக்கு வரச்சொல்வார் என் மாமியார். துவைக்கிற கல்லின் மேல் நான் உட்கார வேண்டும். அவர் கீழே பலகை போட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். பெரியவர் மடியில் காலை வைப்பதா என்று முதல் முறை கூச்சத்தில் நெளிந்தேன். "ஆடாத, பிரஷ்ஷு வழுக்குது" என்று மட்டும் சொன்னார்.

கரைத்த புளி, கொஞ்சம் உப்பு, பழைய டூத் பிரஷ். கொலுசைக் காலிலிருந்து கழற்றாமலே ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். கறுப்புத் தண்ணீர் என் குதிகால் வழியாக வழிந்து அவர் சேலையில் சொட்டும். முடிக்கும்போது கொலுசு புதுசு மாதிரி வெளுத்திருக்கும். அடுத்த ஞாயிறுக்குள் மறுபடியும் இரும்புச் சங்கிலி நிறத்துக்கு வந்துவிடும்.

"இன்னா ஒடம்பும்மா இது" என்பார்.

திட்டுகிற குரல் இல்லை அது. பயந்த குரல். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எரிச்சலோடுதான் எழுந்துபோவேன்.

இந்தத் தொடரில் போன வாரம் என்னைக் குடியாத்தத்து வாசலில் கல்யாண மாலையும் கழுத்துமாக நிறுத்திவிட்டு முடித்துக்கொண்டதற்கு வாசகர்கள் இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். மாலை வாடிவிட்டது, வீட்டுக்குள் போய்விடலாம். ஆனால் போகிற வழியில் ஒரு மூட்டை கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மூட்டைக்குள் இருந்தது

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். படித்தது வேதியியல். ஷாப்பின் லேபில் உட்கார்ந்து, தொட்டித் தண்ணீரில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அம்மா வீடு ஆம்பூர் என்பதால் தோல் எனக்குப் புதிதில்லை. கல்லூரியில் படித்த பெயர்களை மூட்டைகளின் மேல் பார்த்ததுதான் புதிது.

அவற்றில் எனக்கு மிகவும் பழகிய பெயர் சோடியம் சல்பைடு. சமையல் உப்பைச் சோடியம் குளோரைடு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இது அந்த உப்புக்குப் பங்காளி. ஆனால் சமையலறைப் பக்கமே சேர்க்கக் கூடாத பங்காளி.

பார்ப்பதற்கு வெல்லத்தைச் சில்லுச் சில்லாகத் தட்டிப்போட்டது போல இருக்கும். சில மூட்டையில் மஞ்சள், சில மூட்டையில் செங்கல் நிறம். மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கசகசவென்று கட்டிக்கொள்ளும். ஈரக்கையால் தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். சோப்புத்தானே என்று கழுவாமல் நின்றால் வழுக்குவது நம்முடைய தோல் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

ஷாப்பில் இதற்கு என்ன வேலை என்றால், முடி எடுக்கும் வேலை. ஆட்டுத்தோல் முடியோடு வரும். சுண்ணாம்புத் தண்ணீரில் இதைக் கலந்து தோலோடு டிரம்மில் போட்டுச் சுற்ற விடுவார்கள். முடி என்பது கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டிய ஒரு கயிறு. சல்பைடு அந்த முடிச்சுகளைத் தேடிப்போய் அவிழ்க்கும். முடி கூழாகி வந்துவிடும், தோல் நிற்கும். அளவு தப்பினால் தோலும் நிற்காது. அதற்குத்தான் என்னை மாதிரி ஒருத்தி லேபில் உட்கார்ந்திருப்பது.

காகித ஆலையில் மரத்தைக் கூழாக்கவும், சுரங்கத்தில் தாதுவைப் பிரிக்கவும்கூட இது உதவும். சாயத் தொழிலிலும் உண்டு என்று பாடத்தில் ஒரு வரி வந்தது. பரீட்சையில் எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்துபோனேன்.

பாஷா பாய் சொன்னது

டிரம் செக்‌ஷன் மேஸ்திரி பாஷா பாய். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களை நிற்க வைத்து ஒரு பாடம் எடுப்பார். எனக்கும் எடுத்தார்.

"மேடம், இங்க முட்ட அழுகுன நாத்தம் அடிக்கும். அடிச்சா பேஜார் இல்ல. ஜாஸ்தியா அடிச்சிட்டு இருந்த நாத்தம் டக்குனு நின்னுபோச்சுன்னா, அப்ப தான் ஓடணும். திரும்பிப் பாக்காம ஓடணும்."

சல்பைடு தண்ணீரோடு ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் ஊரைக் கூட்டும் நாற்றம். நிறைய வந்தால் முதலில் மூக்கைத்தான் அணைக்கும். நாற்றம் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக மூச்சை இழுப்போம். அந்த மூச்சு கடைசியாகவும் இருக்கலாம். அதனால் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் போகிற வாய்க்கால் தனி, ஆசிட் தண்ணீர் போகிற வாய்க்கால் தனி. இரண்டும் சந்திக்கவே கூடாது.

ஆபத்தில்லாத அளவில் தினமும் மூக்கில் ஏறிக்கொண்டிருப்பது வேறு கதை. ஒரு மாதத்தில் மூக்கு அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். என் மூக்கும் எடுத்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டில் நின்று குமட்டும்போது, இவர்களுக்கு என்ன வந்தது என்று பார்ப்பேன்.

மூக்கு ஏமாறும், வெள்ளி ஏமாறாது. அந்த வாயு காற்றில் துளி இருந்தாலும் வெள்ளி கறுத்துவிடும். ஷாப்புப் பெண்கள் காலையில் வந்ததும் மெட்டி தவிர மற்ற வெள்ளியைக் கழற்றிக் காலி டிபன் டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடிவிடுவார்கள். பாஷா பாய் மட்டும் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருப்பார். அது கரிக்கட்டை மாதிரி இருக்கும். "நிக்காஹ்ல போட்டது மேடம். கறுத்தா இன்னா, வெளுத்தா இன்னா, பொண்டாட்டி ஒண்ணு தானே" என்பார்.

என் மாமியாரிடம் இப்படிப் பேச முடியுமா?

கழற்றக் கூடாத கொலுசு

அவர் பெயர் கஸ்தூரி. நான் அத்தை என்று கூப்பிடுவேன். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். என் கணவர் சேகர் வீட்டின் முன்பக்கம் பவர்லூம் ஓட்டுகிறார். பின்பக்கத் தோட்டத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. அது அத்தையின் ராஜ்ஜியம்.

தோல் ஷாப்பில் வேலை செய்கிற பெண்ணா என்று அந்தத் தெருவில் கேட்டவர்கள் வேலையை மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தோல் என்ற சொல்லுக்குள் ஒரு சாதிக் கேள்வியும் இருக்கும். அதை நாசூக்காகக் கேட்க நாற்றம் என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். அத்தை அப்படிக் கேட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அம்மாவிடம், "வேலைக்குப் போற பொண்ணு. நல்லது. கையில தொழில் இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தலையாட்டினேன். சேகர் இதைப் படித்தால் வருத்தப்படுவார், பரவாயில்லை.

கல்யாணத்தன்று அத்தை தன் கையாலேயே என் காலில் கொலுசு மாட்டி, திருகை இறுக்கினார். ஒரு வருடம் கழற்றக் கூடாது, அது அந்த வீட்டு வழக்கம். வழக்கங்கள் இன்னும் சில உண்டு. அதில் ஒன்று, புது மருமகள் சாயப்பட்டறைப் பக்கம் போகக் கூடாது. அங்கே கறுப்புச் சாயம் போடுவார்கள், வந்த புதிதில் கறுப்பு கண்ணில் படக் கூடாதாம். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சாயப்பட்டறைக்குப் போய் நான் என்ன செய்யப்போகிறேன்?

கொலுசுதான் கஷ்டம். கம்பூட்ஸுக்குள் இருந்தாலும் கறுத்தது. கொலுசைச் சுற்றித் துணி சுற்றினேன், துணி வெள்ளையாக இருந்தது, கொலுசு கறுத்தது. ஷாப்புக் காற்று அத்தை, வெள்ளி என்றால் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் புளி கரைக்கப் போனார். அவருக்குக் கொலுசு கிடையாது. மெட்டி மட்டும்தான். கம்பி மாதிரி மெலிந்துபோன மெட்டி, ஆனால் எப்போதும் பளபளவென்று இருக்கும். இந்தக் காலைக் காட்டித்தான் என் காலைக் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போற இல்ல. போறதுக்கு முன்னாடி ஷாப்புல சொல்லிடு. வேல வேணாம்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. சேகர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு ரசத்தில் அவ்வளவு அக்கறை.

"வேல இருக்கட்டும்னு நீங்க தான அத்த சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப வேணாம்ன்றேன். கொலுசு கறுக்குது. அது நல்லதுக்கில்ல."

லீவு வாரம்

இந்த இடத்தில் ஊரே எனக்கு உதவ வந்தது போல ஒன்று நடந்தது. ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஏதோ பழுது. அது சரியாகும்வரை ஒருவரும் தோலை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வாரம் லீவு.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஷாப்புக்குப் போகாவிட்டால் கொலுசு கறுக்காது, பார்த்தீர்களா காற்றுத்தான் காரணம் என்று அத்தையிடம் காட்டிவிடலாம். காற்றுத்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால் உடம்பைப் பற்றிய பயம் போகும். ஷாப்பில் மட்டும் கழற்றி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்க்கலாம். வேலை தப்பும். லீவு தொடங்கிய அன்றே அத்தையை நானே கூப்பிட்டுக் குழாயடியில் காலை நீட்டினேன். தேய்த்து வெளுப்பாக்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டை விட்டு நகரவில்லை. சமைத்தேன், தறிக்கு ஊடை நூல் சுற்ற உதவினேன், மத்தியானம் எங்கள் அறை ஜன்னலோரம் படுத்துத் தூங்கினேன்.

கொலுசு கறுத்தது.

ஷாப்புக்குப் போன வாரங்களில் எவ்வளவு கறுத்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சனிக்கிழமை அத்தை என் காலைப் பார்த்துவிட்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷாப்புக் காத்து இல்லம்மா. அது ஒடம்புல எறங்கிடுச்சி. போதும். இனிமே அந்தப் பக்கமே போவாத. வேலூர்ல பெரிய டாக்டரப் பாப்போம்."

வேதியியல் படித்தவள் என்ற திமிர் அன்றைக்கு ஒரு ராத்திரியில் கரைந்தது. நானே நடத்திய பரிசோதனை எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. எனக்கே ஒரு பயம் வந்து, நகத்தையும் ஈறையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஷாப்பு திறக்கிறது. அன்றைக்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவது என்று முடிவானது. முடிவு செய்தது நான் இல்லை.

இரவல் மூக்கு

ஞாயிறு காலை சோளிங்கரிலிருந்து சித்தி வந்தார். அத்தையின் தங்கை. மலைக்கோயில் பிரசாதத்தோடு வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார். வாயாடி, நல்ல மனசு. வாசலில் செருப்பைக் கழற்றியவர் நிலைப்படியிலேயே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இன்னாக்கா, முட்ட அழுகுன நாத்தம் தூக்குது."

அத்தை என் காலைப் பார்த்தார். சேகரும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தேன். கட்டியிருந்தது பெட்டியிலிருந்து எடுத்த புதுச்சேலை. ஒரு வாரமாக ஷாப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் நாறவில்லை என்றால் நாறுவது எது?

என் மூக்கு செத்துப்போன மூக்கு, அதைக் கேட்டுப் பயனில்லை. இந்த வீட்டு மூக்குகளும் எதற்கோ பழகிச் செத்தவையாக இருந்தால்? ஒரே ஒரு உயிருள்ள மூக்கு இப்போது நிலைப்படியில் நிற்கிறது.

"சித்தி, எங்கூட கொஞ்சம் வாங்க. எங்க ஜாஸ்தியா அடிக்குது, எங்க கம்மியா அடிக்குதுன்னு சொல்லுங்க."

"இன்னா பொண்ணு இது, வந்தவள தண்ணி குடிக்கச் சொல்லாம மோந்து பாக்கச் சொல்லுது" என்றார். ஆனாலும் வந்தார். முந்தானையை எடுப்பதும் மூடுவதுமாக வீடு முழுக்க நடந்தார். முதலில் என்னைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டு, "உங்கிட்ட சீயக்கா வாசன தான் வருது" என்றார். அதைச் சத்தமாகச் சொன்னதற்காக அவருக்கு இன்றுவரை நான் கடமைப்பட்டிருக்கிறேன். தறி அறையில் கம்மி என்றார். சமையலறையில் பரவாயில்லை என்றார். எங்கள் அறைக்குள் நுழைந்ததும் முகத்தைச் சுளித்து ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே தோட்டம். தோட்டத்தில் இறங்கிப் பத்தடி வைத்ததும் நின்றுவிட்டார்.

"அதோ அங்க தான். நான் வரமாட்டேன்மா, எனக்குக் கொமட்டுது."

அவர் காட்டியது சாயப்பட்டறை.

கறுப்புப் போடும் இடம்

அத்தை கதவை மறித்து நின்றார். "ஹேமா, நீ உள்ள வரக் கூடாது."

"அத்த, நாளைக்கு வேலைய விடச் சொல்றீங்க. விட்டுட்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி உள்ள பாத்துட்றேன்."

அவர் நகர்ந்துகொண்டார்.

உள்ளே இரண்டு சிமெண்டுத் தொட்டி. ஒன்றில் முதல் நாள் போட்ட கறுப்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அத்தை பழக்கத்தில் ஒரு கழியை எடுத்து உள்ளே கிடந்த நூல் சிட்டத்தைத் தூக்கினார். வெளியே வந்தபோது அது கறுப்பாக இல்லை, பாசிப் பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டுப்பட்டு, கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக மாறியது. பரீட்சையில் எழுதிய அந்த ஒரு வரி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. இந்தக் கறுப்புச் சாயம் வெறும் தண்ணீரில் கரையாது. கரைய வைக்க ஒரு மருந்து வேண்டும். கரைந்தால் பச்சை, காற்றுப் பட்டால் மறுபடி கறுப்பு.

மூலையில் வாய் திறந்த மூட்டை. தட்டிப்போட்ட வெல்லம் மாதிரி, மஞ்சள் செதில்.

"இது இன்னா அத்த?"

"சாய மருந்து. நான் கல்யாணமாகி வந்த காலத்துல இருந்து இது தான்."

ஷாப்பில் நான் கையுறை போட்டுத் தொடுகிற அதே பொருள். அங்கே டிரம்முக்குள், மூடிக்குள். இங்கே எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே. மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. கழிவறை கழுவுகிற ஆசிட் பாட்டில்.

"இது எதுக்கு இங்க?"

"தொட்டியில கறை புடிச்சிக்கும். மாசத்துக்கு ஒரு வாட்டி அத ஊத்திக் கழுவுவேன். ஊத்துன ஒடனே நாத்தம் தூக்கும், அப்பறம் தானா அடங்கிடும்."

தானா அடங்கிடும். பாஷா பாயின் குரல் என் காதில் கேட்டது. "இனிமே இத தொட்டியில ஊத்தவே கூடாது அத்த" என்று சொல்லி அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து கழிவறைப் பரணில் வைத்துவிட்டு வந்தேன். கூரை ஓடு உடைந்து காற்று வருகிற பட்டறை அது. அந்த உடைந்த ஓடுதான் அத்தையை இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

குண்டான் வெந்நீர்

சொன்னால் அத்தை நம்பமாட்டார், காட்ட வேண்டும். சமையலறையில் குண்டான் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கினேன். சப்பாத்தி சுற்றுகிற ஃபாயிலை அடியில் விரித்து, ஆப்ப சோடாவும் உப்பும் போட்டேன். என் கொலுசைக் கழற்றக் கூடாதே. "கறுத்த வெள்ளி வேற எதுனா இருக்கா அத்த?" என்று கேட்டேன்.

அத்தை சித்தியைப் பார்த்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அத்தை உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் லுங்கித் துணி முடிச்சு. அவிழ்த்தார். ஒரு ஜோடி கொலுசு, கரி மாதிரி.

"கல்யாணத்தன்னிக்கு என் மாமியா எனக்குப் போட்டது" என்றார்.

குண்டானில் விட்டேன். குமிழ் குமிழாக வந்தது. அத்தை குனிந்து பார்த்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"முட்ட நாத்தம் வருது."

"ஆமா அத்த. வெள்ளியில ஒட்டினது இப்ப எறங்குது. இந்த நாத்தம் தான் வெள்ளிய கறுப்பாக்குச்சி. சாயப்பட்டறையில இருந்து வர்றது. எனக்கு ஷாப்புல இருந்தும் வருது, நம்ம ஜன்னல்ல இருந்தும் வருது."

கரண்டியால் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி அவர் கையில் கொடுத்தேன். தேய்க்கவே இல்லை. கண்ணிகளெல்லாம் வெளுத்து, பூ வேலைப்பாடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்த மொத வருசமே கறுத்துச்சி. அப்ப நான் உண்டாயிருந்தேன். அஞ்சாவது மாசம் கலஞ்சி போச்சி. என் மாமியா கொலுசக் காட்டி சொன்னாங்க, உன் ஒடம்புல வெஷம் இருக்குது, வெள்ளியே தாங்கல, புள்ள எங்க தாங்கும்னு. அன்னிக்குக் கழட்டுனது. அப்பறம் சேகரு பொறந்தான். ஆனா மெட்டி கறுக்கறது நிக்கல. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி விடியகாலைல எழுந்து தேச்சிடுவேன்."

கம்பியாக மெலிந்த மெட்டியை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். காலில் போட்ட நாள் முதல் பயந்து பயந்து தேய்த்தே பாதியாக்கியிருக்கிறார். என் காலை மடியில் வைத்துத் தேய்த்ததும் அதே பயத்தில்தான். அவர் என் வேலையைப் பிடுங்கப் பார்க்கவில்லை. என் வயிற்றுக்காகப் பயந்திருக்கிறார்.

"அப்ப எம் புள்ள போனது..." என்றார் அத்தை. "இந்த மருந்தாலயா?"

ஆமாம் என்றால் அவர் தன் கைத்தொழிலைச் சபிப்பார். இல்லை என்றால் மறுபடி உடம்பைச் சபிப்பார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

"தெரியாது அத்த. அது யாருக்கும் தெரியாது. ஆனா வெள்ளி கறுத்தது உங்க ஒடம்பால இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் கொலுசை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இதே காத்து தான ஷாப்புலயும்?" என்று கேட்டார்.

"அதே தான். ஆனா அங்க மூடி வெச்சிருக்கோம், ஃபேன் ஓடுது, ஜாஸ்தியானா மீட்டர் கத்தும். இங்க ஒண்ணும் இல்ல."

"ஷாப்ப விட எங்க வூடு மோசம்ன்ற."

"ஆமா அத்த."

சித்திதான் முதலில் சிரித்தார். பிறகு அத்தை. ஓரமாக நின்றிருந்த சேகர், சிரிக்கலாமா கூடாதா என்று இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்த அத்தை அவரைக் கூப்பிட்டு, "டேய், மூடி போட்ட பீப்பா ஒண்ணு வாங்கிட்டு வா. அந்த மூட்டைய தோட்டத்துக் கோடில கொண்டு போய் வை" என்றார்.

திங்கட்கிழமை காலை எழுந்தபோது அடுப்படியில் என் டிபன் டப்பா கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு காலி டப்பா. அத்தை என் காலடியில் குனிந்து, ஒரு வருடம் கழற்றக் கூடாத கொலுசின் திருகைத் தன் கையாலேயே கழற்றி அதற்குள் போட்டு மூடினார்.

"சாயங்காலம் வந்து மாட்டிக்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு."

ஆடி போய் ஆவணி வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேய்ப்பு நின்றுவிட்டது; மூட்டை தள்ளிப் போனாலும் பட்டறையில் சாயம் நிற்காததால் என் கொலுசு மெதுவாகக் கறுத்துக்கொண்டுதான் இருந்தது. தெருவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா கஸ்தூரி, உன் மருமவ கொலுசு இப்படிக் கறுத்துக் கெடக்குது" என்றார். எதிரே சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்றுவிட்டார். என் வேலையை, என் ஊரை, அதற்கும் பின்னால் இருக்கிறதை எல்லாம் சேர்த்துக் கேட்ட கேள்வி அது.

அத்தை சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இடது கையால் சேலையைக் கணுக்கால் வரை தூக்கினார். காலில் அவருடைய மாமியார் போட்ட கொலுசு, கீழே அந்த மெலிந்த மெட்டி. ஒரு மாதமாகத் தேய்க்காமல் விட்டதில் இரண்டும் நன்றாகக் கறுத்திருந்தன.

"எங்க வூட்ல ரெண்டு பேரும் வேல செய்யறவங்க" என்றார்.

பந்தியில் இருந்த அத்தனை பேரும் பார்த்து முடிக்கும்வரை அவர் சேலையை இறக்கவில்லை.